சின்ன விஷயங்களின் கடவுள்: பாதியில் மூடியவர்களும் கடைசி வரை படித்தவர்களும்

போன மாதம் எங்கள் வகுப்பில் ஒரு நாவலை வைத்துப் பெரிய சண்டை. பரிட்சைக்கு வரும் புத்தகம்கூட இல்லை. நாங்களாகவே ஏழெட்டு பேர் சேர்ந்து மாதம் ஒரு புத்தகம் என்று படித்து வருகிறோம். இந்த முறை அருந்ததி ராயின் 'சின்ன விஷயங்களின் கடவுள்'. இரண்டு பேர் பாதியில் மூடிவிட்டார்கள். ஒருத்தி இரண்டு முறை படித்தாள். ஒருவன் படித்து முடித்துவிட்டுக் கோபத்தில் இருந்தான். நான்? முதல் முறை எனக்கும் தலை சுற்றியது. அதை மறைக்கப் போவதில்லை.

இந்தப் புத்தகத்தை எடுத்ததற்கு ஒரு சின்ன ஊர்ப் பாசமும் காரணம். நான் அமிர்திக் காட்டுக்குக் கீழே இருக்கிற ஊர்க்காரன். எங்கள் ஊரிலிருந்து கண்ணமங்கலம் போய் பஸ் ஏறினால் ஆரணி. அந்த ஆரணியில் இருக்கும் ஜி. குப்புசாமிதான் இதைத் தமிழில் மொழிபெயர்த்தவர். காலச்சுவடு 2012-ல் வெளியிட்டது. ஓரான் பாமுக்கின் 'என் பெயர் சிவப்பு' நாவலைத் தமிழுக்குக் கொண்டுவந்தவரும் இவரே. லண்டனில் பரிசு வாங்கிய நாவல் பட்டுச்சேலைக்குப் பேர்போன ஆரணி வழியாகத் தமிழுக்கு வந்தது என்பதில் எனக்கு ஒரு பெருமை.

படிக்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். (கதை தெரிந்துவிடுமே என்று பயப்பட வேண்டாம், நாவலாசிரியரே முதல் அத்தியாயத்தில் பாதியைச் சொல்லிவிடுகிறார்.) கோட்டயம் பக்கத்தில் அய்மனம் என்ற ஊர். சிரியன் கிறிஸ்தவக் குடும்பம், ஊறுகாய் கம்பெனி நடத்துகிறார்கள். கணவனைப் பிரிந்து இரட்டைக் குழந்தைகளோடு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டவள் அம்மு. குழந்தைகள் எஸ்தா, ராஹேல். 1969 டிசம்பரில் அவர்களுடைய மாமா சாக்கோவின் மகள் சோஃபி மோள் இங்கிலாந்திலிருந்து வருகிறாள், ஆற்றில் மூழ்கி இறக்கிறாள். அம்முவுக்கும் வெளுத்தா என்ற தலித் தச்சருக்கும் இருந்த காதல் வெளியே தெரிகிறது. போலீஸ் வெளுத்தாவை அடித்தே கொன்றுவிடுகிறது. அம்மு வீட்டை விட்டுத் துரத்தப்பட்டு 31 வயதில் ஒரு லாட்ஜ் அறையில் தனியாகச் செத்துப்போகிறாள். ராஹேல் 1993-ல், அதே 31 வயதில், ஊருக்குத் திரும்பி வருகிறாள்.

இதை இப்படி வரிசையாகச் சொன்னால் பத்து வரியில் முடிந்துவிடும். நாவல் இப்படிச் சொல்வதில்லை. 1969-க்கும் 1993-க்கும் நடுவில் 21 அத்தியாயங்களும் முன்னும் பின்னுமாகக் குதிக்கின்றன. சாவு முதலில் வருகிறது, காதல் கடைசியில் வருகிறது. ஒரு சம்பவத்தின் கால் பாகம் இரண்டாம் அத்தியாயத்தில் இருந்தால் மீதி பதினெட்டில் கிடைக்கும். அருந்ததி ராய் டெல்லியில் கட்டடக் கலை படித்தவர். ஒரு கட்டடத்தை வடிவமைப்பது போலத்தான் இதை எழுதியதாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அன்றைக்கும் இதே சண்டைதான்

எங்கள் வகுப்புச் சண்டை புதிது அல்ல என்று பிறகுதான் தெரிந்தது. நாவல் 1997-ல் வெளிவந்தது. அக்டோபரில் புக்கர் பரிசு. அமெரிக்காவில் ஜான் அப்டைக் போன்ற பெரிய எழுத்தாளர்கள் பாராட்டினார்கள். 40-க்கும் மேற்பட்ட மொழிகளில் மொழிபெயர்க்கப்பட்டது. அதே சமயம், அதற்கு முந்தைய ஆண்டு புக்கர் நடுவர் குழுவின் தலைவராக இருந்த கார்மென் காலில், படுமோசமான புத்தகம், இறுதிப் பட்டியலுக்கே வந்திருக்கக் கூடாது என்கிற ரீதியில் வெளிப்படையாகச் சொன்னார். ஒரே புத்தகம்தான்!

கேரளத்தில் சண்டை வேறு மாதிரி. கடைசி அத்தியாயம் ஆபாசம் என்று பத்தனம்திட்டையில் ஒரு வழக்கறிஞர் கிரிமினல் வழக்குப் போட்டார். அது வருடக்கணக்கில் இழுத்தது. அப்போது முதல்வராக இருந்த இ.கே. நாயனாரும், மூத்த தலைவர் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடும் கம்யூனிஸ்டுகளைக் காட்டிய விதத்துக்காக நாவலைக் கண்டித்தார்கள். நாவலில் தோழர் பிள்ளை என்ற உள்ளூர்க் கட்சிக்காரர் வருகிறார். கடைசி நேரத்தில் உதவி தேடி வரும் வெளுத்தாவை, அவன் கட்சி உறுப்பினர் என்று தெரிந்தும், கைகழுவி விடுகிறார். விமர்சகர் அய்ஜாஸ் அகமது 1997-ல் 'ஃபிரண்ட்லைன்' இதழில் நீளமான கட்டுரை எழுதினார். மொழித் திறமையைப் பாராட்டினார், அரசியலில் கடுமையாக முரண்பட்டார்.

இடதுசாரிகளின் கோபத்திலும் ஒரு நியாயம் உண்டு என்று நினைக்கிறேன். கதை நடப்பது 1969 டிசம்பரில். 1970 ஜனவரி 1 அன்று கேரளத்தில் நிலச் சீர்திருத்தத் திருத்தச் சட்டம் அமலுக்கு வந்தது. அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டிருந்த ஏழைகளுக்குக் குடியிருக்கும் இடத்தின்மேல், பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட் வரை, உரிமை கிடைத்தது. கதை முடிந்த அடுத்த மாதமே நடந்த விஷயம்! அதற்காகப் போராடியவர்கள் நாவலைப் படித்தால் எரிச்சல் வரத்தானே செய்யும்?

மலையாளத்தில் இந்த நாவல் 2011-ல்தான் வந்தது, பிரியா ஏ.எஸ். மொழிபெயர்ப்பில். வழக்கு, கண்டனம், புகழ் எல்லாம் கேரளத்தைச் சுற்றி நடந்து முடிந்து 14 வருடம் கழித்துத்தான் அய்மனத்துக்காரர்களுக்கு அது அவர்கள் மொழியில் கிடைத்தது. தமிழுக்கு அதற்கு அடுத்த ஆண்டு.

எங்கள் வகுப்பில் சொன்னவை

பாதியில் மூடிய நண்பன் ஆம்பூர்க்காரன். அவன் கேள்வி நேரடியானது. "யாரு சாகப்போறாங்கன்னு மொத பக்கத்துலயே சொல்லிட்டா, அப்புறம் இன்னாத்துக்குடா படிக்கணும்?"

இதற்கு இரண்டு முறை படித்த தோழி பதில் சொன்னாள். எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். கடைசி நாள் படுகளம். துரியோதனன் சாவான் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் மண்ணில் செய்த துரியோதனனைச் சுற்றி ஊரே நிற்கும். "தெரிஞ்ச கதையத்தானே வருஷா வருஷம் விடிய விடிய பாக்கறோம்?" என்றாள். நாவலிலேயே ஒரு கோயிலில் விடிய விடியக் கதகளி நடக்கும் அத்தியாயம் உண்டு. அங்கும் துரியோதன வதம்தான்.

ஆம்பூர்க்காரன் விடவில்லை. "கூத்துல சூதாட்டம் முடிஞ்சுதான் படுகளம் வரும். இதுல படுகளம் முடிஞ்சு சூதாட்டம் வருது." வகுப்பே சிரித்தது. அவன் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. தெரிந்த கதையை வரிசையாகப் பார்ப்பது வேறு, தெரியாத கதையைக் கலைத்துப்போட்டுக் கொடுப்பது வேறு. பாதியில் மூடுகிறவர்களை ரசனை இல்லாதவர்கள் என்று சொல்வது சரியில்லை. நாமும் சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' 1981-ல் வந்தபோது இதெல்லாம் நாவலா என்று கேட்டவர்கள்தானே!

மொழிபெயர்ப்பு பற்றியும் பேச்சு வந்தது. ஆங்கில மூலத்தில் ராய் நினைத்த இடத்திலெல்லாம் பெரிய எழுத்துப் போட்டு, குழந்தைகள் காதில் பெரியவர்களின் வார்த்தை எப்படி விழுகிறது என்று காட்டுவார். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. அந்த வித்தை அப்படியே வர வழியில்லை. இரண்டையும் வைத்துப் படித்த தோழி, தமிழில் படிக்கும்போது அய்மனம் பக்கத்து ஊர் மாதிரி இருக்கிறது என்றாள். மாமா, அம்மாச்சி, ஊறுகாய், ஆறு எல்லாம் நமக்குத் தெரிந்தவைதானே.

கோபத்தில் இருந்த நண்பன் பேரணாம்பட்டுப் பக்கத்துக்காரன். தலித் கிறிஸ்தவக் குடும்பம், அப்பா தோல் ஷாப்பில் வேலை செய்தவர். அவன் சொன்னது: "வெளுத்தாவுக்கு நல்ல உடம்பு, நல்ல கை வேலை எல்லாம் குடுத்திருக்காங்க. ஆனா அவன் என்ன நெனச்சான்னு எவ்ளோ பக்கம் இருக்கு? கடைசில அவன்தான் சாவணும். எல்லாக் கதையிலயும் நாங்கதான் சாவறோம்." யாரும் பதில் சொல்லவில்லை. என்னிடம் இப்போதும் பதில் இல்லை.

ஆனால் அவனே இன்னொன்றும் சொன்னான். மற்றவர்கள் ஓட்டமாகத் தாண்டிப்போன ஒரு பத்தியைக் காட்டினான். வெளுத்தாவின் தாத்தா கிறிஸ்தவராக மாறுகிறார். மாறியும் அவர்களுக்குத் தனி ஆலயம், தனிப் பாதிரியார். சுதந்திரம் வந்தபின் இட ஒதுக்கீடும் இல்லை, ஏனென்றால் காகிதத்தில் அவர்கள் கிறிஸ்தவர்கள், கிறிஸ்தவத்தில் சாதி இல்லை. இது கற்பனை இல்லை. 1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதி. 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து மதம் மாறிய கிறிஸ்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். நண்பன் தன் சான்றிதழைப் பற்றிச் சொன்னான். ஊரில் யாரும் அவனை வேறு சாதியாகப் பார்ப்பதில்லை, சான்றிதழ் மட்டும் வேறாகப் பார்க்கிறது. நாவல் மொத்தத்தில் அவனுக்குப் பிடித்தது அந்த ஒரு பத்திதான்.

தேதிகளை வரிசையாக எழுதினேன்

நண்பன் காட்டிய பத்தியில் இருந்துதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. நான் வரலாறு படிக்கிற மாணவன். தேதிகளை அடுக்குவதுதான் எங்களுக்குத் தெரிந்த ஒரே வேலை (!). நோட்டில் இடது பக்கம் கதையின் தேதிகள், வலது பக்கம் சட்டங்களின் தேதிகள் என்று எழுதினேன்.

நாவலில் சாக்கோ எல்லாவற்றையும் தன்னுடையது என்பான். தொழிற்சாலை அவனுடையது, ஊறுகாய் அவனுடையது, அன்னாசிப் பழம்கூட அவனுடையது. அம்முவும் அங்கே வேலை செய்கிறாள், ஆனால் மகள் என்பதால் சொத்தில் பேச உரிமை இல்லை. அதனால்தான் அவளைத் துரத்த முடிகிறது. இந்த உரிமை இல்லாமை எங்கிருந்து வந்தது?

1916-ல் வந்த திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம். அதன்படி மகளுக்கு, மகன் பங்கில் நாலில் ஒன்று அல்லது 5000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. சீதனம் கொடுத்தாயிற்று என்றால் அதுவும் இல்லை.

இந்தச் சட்டத்தை எதிர்த்துச் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனவர் மேரி ராய், அருந்ததி ராயின் அம்மா. கணவரைப் பிரிந்து இரண்டு குழந்தைகளோடு ஊட்டியில் தன் அப்பாவின் வீட்டில் தங்கியிருந்தவரை, சகோதரரும் தாயாரும் வந்து வெளியேறச் சொன்ன கதை பிரபலம். பின்னால் அவர் வழக்குப் போட்டார். 1986 பிப்ரவரி 24 அன்று தீர்ப்பு. சாதகமான தீர்ப்பு என்பது பலருக்கும் தெரியும். நான் தெரிந்துகொண்ட விஷயம் அதற்குள் இருக்கும் தேதி.

1916 சட்டத்தை இன்றுமுதல் ரத்து செய்கிறோம் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. 1951 ஏப்ரல் 1-லேயே அது செத்துவிட்டது என்றது. அன்றைக்கே 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் திருவிதாங்கூர்-கொச்சிக்கும் நீட்டிக்கப்பட்டுவிட்டது. அந்தச் சட்டத்தில் மகன், மகள் வித்தியாசமே இல்லை. உயில் இல்லை என்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக.

இப்போது நோட்டின் இரண்டு பக்கங்களையும் சேர்த்துப் பாருங்கள். அம்முவின் அப்பா இறந்த பிறகுதான், சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் வேலை பார்த்த சாக்கோ ஊருக்குத் திரும்பி தொழிற்சாலையைக் கையில் எடுக்கிறான். இது 1951-க்குப் பிறகு. அப்பாவின் சொத்தில், உயில் இல்லை என்று வைத்துக்கொண்டால், அம்முவுக்கும் சாக்கோவுக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. 1969 டிசம்பரில் வெளியே போ என்று சாக்கோ கத்தும்போது அவன் நம்பியிருந்த சட்டம் செத்து 18 வருடம் ஆகிவிட்டது! அவனுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அம்மு சாவது 1973 வாக்கில். தீர்ப்பு வந்தது 1986-ல். ராஹேல் திரும்பி வருவது 1993-ல்.

நாவலில் இந்தத் தீர்ப்பு என் கண்ணில் படவில்லை. ஆனால் கதை குதித்துப்போகும் அந்த 24 வருடங்களுக்கு நடுவில்தான் அது உட்கார்ந்திருக்கிறது. 1993-ல் அய்மனம் வீட்டில் மிச்சம் இருப்பது சாக்கோ அல்ல, பேபி கொச்சம்மா என்ற கிழவி. அவளும் அந்த வீட்டின் மகள்தான், அவளுக்கும் உரிமை இல்லை என்று சொல்லி வளர்க்கப்பட்டவள்தான். அந்த உரிமையின்மையை அம்முமேல் மிகக் கடுமையாகச் செலுத்தியவளும் அவளே.

வரிசையாகச் சொல்லியிருந்தால் எனக்கு இது ஒரு காதல் தோல்விக் கதையாகத்தான் தெரிந்திருக்கும். கலைத்துப் போட்டதால் தேதி தேட வேண்டி வந்தது, தேடியதால் சட்டம் கிடைத்தது. நண்பனுக்கு 1950, எனக்கு 1951. எல்லோருக்கும் இப்படி வேலை வாங்கும் புத்தகம் பிடிக்க வேண்டும் என்று இல்லை. ஆனால் குழப்புவதற்காகவே குழப்புகிறார் என்பதை இனி நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

என் நோட்டில் இல்லாத ஒரு தேதி

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமே வேறு.

நாகநதி ஓரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் பூர்வீக நிலம் இருக்கிறது, ஒன்றேகால் ஏக்கர். என் அத்தை ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கிறார். 1984-ல் கல்யாணம் ஆனவர். போன வருடம் நிலத்தைப் பிரிக்கும்போது அவரிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். ஒரு பட்டுச்சேலை, இருபதாயிரம் ரூபாய். "89-க்கு முன்னால கட்டிக்குடுத்த பொண்ணுக்குப் பங்கு கெடையாது, சட்டமே அப்படித்தான்" என்று சொந்தத்தில் ஒரு பெரியவர் சொன்னார். ஜெராக்ஸ் எடுத்து வந்து கொடுத்தவன் நான்தான். பங்கே இல்லை என்றால் கையெழுத்து எதற்கு என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

பெரியவர் சொன்ன சட்டம் உண்மையில் இருந்தது. தமிழ்நாடு 1989-ல் பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் பிறப்புரிமை கொடுத்தது, அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் கல்யாணம் ஆனவர்களைத் தவிர்த்து. நல்ல சட்டம்தான், நாட்டுக்கே முன்னோடிகளில் ஒன்று. ஆனால் 2005 செப்டம்பர் 9 அன்று மத்தியச் சட்டம் திருத்தப்பட்டபோது அந்தக் கல்யாணத் தேதிக் கட்டுப்பாடு போய்விட்டது. அப்பா அன்றைக்கு உயிரோடு இருந்தாரா இல்லையா என்பதும் முக்கியமில்லை, மகளின் உரிமை பிறப்பால் வருவது என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறைப்படி பிரித்த, விற்ற சொத்துகளுக்கு மட்டும் விலக்கு.

அதாவது எங்கள் வீட்டில் பேசப்பட்டதும் ஒரு செத்துப்போன சட்டம்தான். சாக்கோவைத் திட்டிக்கொண்டே நோட்டில் தேதி எழுதிய நான், அவன் வீட்டுப் பையன்.

அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "அவளே கேக்கலயே" என்றார். அத்தைக்கு போன் செய்தேன். ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் இருந்தார். முழுதும் கேட்டுவிட்டு, "கையெழுத்து போட்டாச்சே கண்ணு, இப்ப சொல்லி இன்னா பண்றது?" என்றார். பிறகு அந்தப் புத்தகத்துப் பெண்ணுக்குப் பங்கு கிடைத்ததா என்று கேட்டார். கிடைக்கவில்லை, தீர்ப்பு வருவதற்கு முன்பே செத்துவிட்டாள் என்றேன். "ஞாயித்துக்கெழம வா, அந்த பேப்பரையும் எடுத்துக்கினு வா" என்று சொல்லி வைத்துவிட்டார். எந்தப் பேப்பர் என்று சொல்லவில்லை. தீர்ப்பு, பத்திர நகல் இரண்டையும் எடுத்துப் போகிறேன்.

நண்பர்களே, நாவல் பிடித்ததா பிடிக்கவில்லையா என்று உங்கள் கருத்தைச் சொல்லுங்கள், சண்டை போடலாம். ஆனால் உங்கள் வீட்டில் யாராவது 1989 கணக்குச் சொல்லிக் கையெழுத்துக் கேட்டால், 2005 என்று ஒரு தேதி இருப்பதை மட்டும் அத்தைக்கோ அக்காவுக்கோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் ஒரு வருடம் லேட்.